ஜெபம் முதலிலா, அரிசி முதலிலா?

கேள்வி: எங்கள் சபை வாலிபர் குழு மாதம் ஒருமுறை கிராமங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கிறது. அதற்கு முன்னால் அரை மணி நேரம் பாட்டு, ஜெபம், செய்தி. அதை நிறுத்திவிடலாம் என்றேன். “அப்புறம் நமக்கும் ரேஷன் கடைக்கும் என்ன வித்தியாசம்?” என்கிறார்கள் பெரியவர்கள். நான் சொன்னது தப்பா அக்கா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. நானும் சபையில் வளர்ந்தவள்தான், பெரியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. சுவிசேஷம் சொல்வதை அவர்கள் கடமையாக நினைக்கிறார்கள், அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் பிடிக்காதவர் எழுந்து போகலாமே என்று சொன்னால், அவர் எப்படிப் போவார்? பை இன்னும் கைக்கு வரவில்லையே.

பல வருஷத்துக்கு முன்னால் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் சேலை கொடுத்தோம். வரிசையில் வந்த ஒரு அப்பத்தா, தனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போதே முந்தானை நுனியால் நெற்றித் திருநீற்றை அழுத்தித் துடைத்தார். யாரும் துடைக்கச் சொல்லவில்லை, துடைத்தால்தான் கிடைக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார், அப்படி நினைக்கும்படி நாங்கள் நடந்திருக்கிறோம். புருவத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு கீற்று மட்டும் மிச்சமிருந்தது. சேலையை நீட்டியது என் கைதான். இன்றைக்கும் மனசு அறுக்கிறது.

பைபிளில் இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போனான். அடிபட்டவனிடம் ஒரு வார்த்தை போதித்ததாக லூக்கா எழுதவில்லை. பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன்தான், மற்ற ஒன்பது பேருக்கும் கிடைத்த சுகத்தை இயேசு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நம்ம ஊரிலேயே பாருங்கள், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் சாப்பாடும் மோரும் கொடுக்கிறார்கள், வாங்குகிறவரிடம் ஒரு கேள்வி கிடையாது.

உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று 1994-ல் நிவாரணப் பணிக்கென்று ஒரு நடத்தை விதி வந்தது. செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து அதைக் கொண்டுவந்தவர்களில் காரித்தாஸ், உலக லுத்தரன் சம்மேளனம் என்ற கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு, இதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

அதற்காக நீங்கள் யார் என்பதை மறைக்க வேண்டாம். “எதுக்கும்மா இதெல்லாம் செய்றீங்க?” என்று யாராவது கேட்டால் மனசு நிறையச் சொல்லுங்கள். ஜெபிக்கச் சொன்னால் தனியாக உட்கார்ந்து ஜெபியுங்கள். ரேஷன் கடையில் யாரும் பாட்டியின் முட்டிவலியை விசாரிப்பதில்லை, சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோச்சா என்று கேட்பதில்லை, நடக்க முடியாதவர் வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வித்தியாசம் அங்கே இருக்கட்டும்.

அடுத்த மாதம் பையை முதலில் கொடுத்துவிடுங்கள், கூட்டத்தை வேறொரு நாள் சபையில் வைத்து, விருப்பம் இருந்தால் வாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.