‘ஓ.கே.’ என்னும் ஒப்புதல் சொல்: கேள்வி பதில்

கேள்வி: ‘ஓ.கே.’ என்பது எதன் சுருக்கம்?

பதில்: ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்பதன் சுருக்கம். முறைப்படி எழுதினால் முதற்சொல் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்திலும் அடுத்தது ‘சி’யிலும் தொடங்க வேண்டும். ஆனால் 1830களின் இறுதியில் பாஸ்டன் பத்திரிகையாளர்களிடையே, சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடும் வேடிக்கை பரவியிருந்தது. அவ்வாறு ஒன்றை ‘ஓ’விலும் மற்றதை ‘கே’யிலும் தொடங்கியதில் பிறந்ததே இச்சொல். ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழின் 1839 மார்ச் 23 இதழில் விளக்கத்தோடு அச்சாகியிருக்கிறது.

கேள்வி: அமெரிக்கப் பழங்குடியினரின் சாக்டா மொழியிலிருந்து வந்தது என்று படித்தேனே?

பதில்: அக்கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது, அதிபர் வுட்ரோ வில்சனே அதை நம்பி, சாக்டா வடிவத்தை ஒட்டிய எழுத்துக்கூட்டலைக் கையாண்டார். பழைய செய்தித்தாள்களைத் துருவித் தேடிய கொலம்பியா பல்கலைக்கழக அறிஞர் ஆலன் வாக்கர் ரீட், 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் பாஸ்டன் தோற்றத்தை நிறுவினார். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர்ச்சொல் காண்பது நம்மிடையேயும் பெருகிவிட்ட பழக்கம் என்பதால், ரீட் காட்டிய பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: அக்காலச் சுருக்கங்களில் இது மட்டும் எப்படி நிலைத்தது?

பதில்: ‘ஆல் ரைட்’ என்பதைச் சிதைத்து உண்டாக்கிய ‘ஓ.டபிள்யூ.’ போன்றவை விரைவில் மறைந்தன. இதற்கோ 1840 அமெரிக்க அதிபர் தேர்தல் கைகொடுத்தது. மீண்டும் போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன் கிண்டர்ஹுக் என்னும் ஊரைச் சேர்ந்தவர்; ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற அவருடைய பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ‘ஓ.கே.’ என்றே அமைந்ததால், ஆதரவாளர்கள் அப்பெயரில் சங்கமே தொடங்கினார்கள். தேர்தலில் அவர் தோற்றார். பின்னர் தந்தி அலுவலர்கள், செய்தி சரியாக வந்து சேர்ந்தது என்பதற்கு இதையே பயன்படுத்தினார்கள்.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது இதற்கு ‘நன்று’ என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். ‘கட்டுரையை அச்சுக்கு அனுப்பலாமா?’ என்ற கேள்விக்கு ‘ஓ.கே.’ என்று பதில் வந்தால் எழுதியவர் மகிழ்வார், ‘கட்டுரை எப்படி?’ என்று கேட்டு அதே பதில் வந்தால் அவர் முகம் வாடிவிடும். இது இசைவைத் தருமே தவிரப் பாராட்டைத் தராது. ‘விடை சரி’, ‘சரி, வருகிறேன்’ என்று பிழையின்மையையும் இசைவையும் ஒருங்கே உணர்த்தும் நம் ‘சரி’தான் இதற்கு மிக நெருக்கமானது.