ராணுவத்தில் இருந்த போதகர் மலேசியாவின் சுங்கை சிப்புட் தொகுதியில் தேர்தலில் நிற்கலாமா?

தாராளமாக நிற்கலாம். மலேசிய அரசியலமைப்பில் போதகருக்குத் தடை கிடையாது. இன்னும் ராணுவப் பணியில் இருந்தால்தான் சிக்கல். ஓய்வு பெற்றவர் என்கிறீர்கள், சரி. வைப்புத்தொகை நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000. எட்டில் ஒரு பங்கு வாக்காவது வாங்காவிட்டால் பணம் போச்சு.

அவர் கவனிக்க வேண்டியது பிரசங்க மேடையைத்தான். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி, ஆன்மிகத் தீங்கு வரும் என்று மிரட்டி வாக்குக் கேட்பதும் குற்றம். 'எனக்குப் போடாவிட்டால் ஆண்டவர் தண்டிப்பார்' என்று வாய்தவறிச் சொன்னால்கூட வம்புதான்.

அப்புறம், தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்தவ சபையாரின் வாக்கு மட்டும் போதாது. வீடு, சம்பளம் பற்றிப் பேசத் தெரிய வேண்டும். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த சாமிவேலுவையே 2008இல் தோற்கடித்த தொகுதி இது, பட்டம் பதக்கத்துக்கெல்லாம் மயங்காது.