இருபது கிலோமீட்டர் தொலைவு

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன்; வயது 36. வங்கியொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பதவி உயர்வோடு சத்தீஸ்கரில் ஒரு கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. “புது ஊருக்குப் போனால் உனக்குள் இருக்கும் வேறொருவன் வெளியே வருவான்” என்கிறார் நண்பர். ஆனால் எனக்கு முன் வடக்கே சென்ற சக ஊழியர் ஒருவர், மூன்று ஆண்டுகள் கழித்தும் போனவராகவே திரும்பி வந்தார். சூழல் மாறினால் மனிதன் உண்மையிலேயே வளர்கிறானா, அல்லது இது மாற்றலாகிறவர்களுக்குச் சொல்லும் ஆறுதலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரும் தவறாகச் சொல்லவில்லை, சக ஊழியர் திரும்பி வந்த விதத்திலும் வியப்பில்லை. ஊர் மாறுவது வேறு, சூழல் மாறுவது வேறு. உங்கள் ஊருக்கு அருகிலேயே நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும்.

உ.வே.சாமிநாதையர் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்து, 1876இல் ஆசிரியர் மறைந்த பின்னும் திருவாவடுதுறை ஆதீனம் என்ற சைவ மடத்தின் ஆதரவில் வாழ்ந்தார். அந்த உலகம் அவரிடம் எதிர்பார்த்தவை நினைவாற்றலும், செய்யுள் இயற்றும் திறனும், கேட்போர் மகிழும்படி பாடம் சொல்லும் நாவன்மையும். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று அவர் கற்றவற்றின் பட்டியல் மிக நீண்டது. அதற்கு அங்கே முழு மதிப்பும் இருந்தது. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் வகித்த தமிழாசிரியர் பதவிக்காக ஐயர் கும்பகோணம் கல்லூரிக்கு வந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான்.

அவ்வாண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தம் பட்டியலை அடுக்கினார். முதலியார் முகத்தில் சிறிதும் வியப்பில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. இதைத் தம் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

முதலியார் பின்னர் அளித்த ஊக்கத்தைப் பலரும் போற்றுவார்கள். எனக்கோ அவர் முதலில் காட்டிய அலட்சியமே பெரிதாகப் படுகிறது. மடத்தில் செலாவணியான நாணயம் அவர் முன் செல்லவில்லை. இருபத்தைந்து வயது வித்துவான் மனம் புண்படாமல் திரும்பினால் மட்டும் போதாது. மறுபடியும் அங்கே போகவும் வேண்டியிருந்தது. அவர் போனார், சிந்தாமணியை முதலியாருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார், தொடங்கிய உடனேயே தடுமாறினார். சைன சமயக் கோட்பாடு தெரியாமல் பல இடங்கள் விளங்கவில்லை. ஆகவே, சைவ மடத்தின் ஆதரவில் வளர்ந்த அவர், அந்நூலைப் புனிதமாகப் போற்றி வாசித்துவந்த கும்பகோணத்துச் சைனர்களைத் தேடிச் சென்று, அவர்களிடம் மாணவரைப் போல ஐயம் கேட்டார். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கும் பொறுமை, எந்த வீட்டுப் பரணில் எந்த ஏடு கிடக்கும் என்று ஊர் ஊராகத் தேடும் அலைச்சல், அச்சுக்கூடத்தில் புரூப் திருத்தும் கண் ஆகியவற்றில் எதையும் திருவாவடுதுறை அவரிடம் பெரிதாகக் கேட்டதில்லை. கேட்காததால், அவை தம்மிடம் இருந்தது அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. பிறகு மணிமேகலைக்காகப் பௌத்தம் பயில வேண்டியிருந்தபோது, ஆங்கிலம் அறியாத அவர், உடன் பணியாற்றிய ரங்காசாரியாரிடம் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்லக் கேட்டுக் கற்றார். அந்தப் பதிப்பு வெளிவந்தது 1898இல்; கேட்பதில் கூச்சம் அவரை விட்டு எப்போதோ போயிருந்தது.

பழைய சாமிநாதையர் இதில் தொலைந்துபோய்விடவும் இல்லை. மடத்தில் பழகிய நினைவாற்றல்தான் சுவடிக் குவியலுக்கு நடுவே அவருக்குத் துணை நின்றது. ஏடு தேடியபோது அந்த ஆதீனமும் உதவியது.

உங்கள் சக ஊழியரைப் பற்றி என் ஊகம் இது: நான்கு தமிழர்கள் சேர்ந்து எடுத்த வீட்டில், ஊரிலிருந்து வரும் சாம்பார்ப் பொடியோடு, விடுப்புக்கு எத்தனை நாள் என்று எண்ணியபடியே மூன்று ஆண்டுகளையும் கழித்திருப்பார். குறை சொல்லவில்லை. நானும் இளமையில் வெளிமாநிலத்தில் இரண்டு ஆண்டுகளை அப்படித்தான் வீணடித்தேன். அந்த ஊர் மொழியில் இன்றும் எனக்குக் காய்கறி விலை கேட்க மட்டுமே தெரியும்.

சத்தீஸ்கரை நெற்கிண்ணம் என்பார்கள். டெல்டாவில் பிறந்த உங்களுக்கு நெல்லைப் பற்றித் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பது, பயிர்க்கடனுக்கு வரும் விவசாயியின் முன்னால் முதல் மாதத்திலேயே வெளிப்பட்டுவிடும். அவர் சத்தீஸ்கரி பேசினால் நீங்கள் கற்கும் இந்தியும் முழுமையாகக் கைகொடுக்காது. உள்ளூர் ஊழியர் ஒருவரிடம் அவரை ஒப்படைத்துவிட்டு அதிகாரியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள உங்களுக்கு வசதி இருக்கும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் அவர் எதிரில் அமர்ந்து தப்பும் தவறுமாகப் பேசிப் பாருங்கள். உங்களிடம் என்ன இருக்கிறது என்று நானோ உங்கள் நண்பரோ இங்கிருந்தபடி சொல்ல இயலாது. மாற்றலை ஏற்றுக்கொள்ளுங்கள், வீடு பார்க்கும்போது மட்டும் தமிழர்கள் இருக்கும் தெருவிலிருந்து சற்றுத் தள்ளியே பாருங்கள்.