ஷ்னாஸரின் கம்பி முடி பஞ்சாகிவிட்டதா? முதுகில் மெஷின் வேண்டாம்

கேள்வி: ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் இருக்கிறோம். எங்கள் நாய் மணிக்கு மூன்று வயது, மினியேச்சர் ஷ்னாஸர் இனம், கறுப்பும் வெள்ளையும் கலந்த மிளகு-உப்பு நிறம். நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் சில முறை மெஷின் போட்டார்கள். இப்போது முதுகு முடி பஞ்சு மாதிரி ஆகி, நிறமும் வெளுத்துவிட்டது. கடற்கரைக்குப் போய் வந்தால் மணலும் ஈரமும் போகவே மாட்டேன் என்கிறது. கையால் பிடுங்கினால் பழைய முடி வரும் என்கிறார் நண்பர். வலிக்காதா? நாங்களே செய்யலாமா?

பதில்: செய்யலாம். முதிர்ந்த முடியை மட்டும் எடுத்தால் வலிக்காது. கடலோரத்தில் வளரும் நாய்க்கு இதை அழகு வேலையாக நான் பார்ப்பதில்லை. அந்தக் கம்பி முடிதான் அதற்குக் காப்பு.

ஷ்னாஸருக்கு முடி இரண்டு அடுக்கு. உள்ளே மென்மையான அடிமுடி, வெளியே கம்பி போன்ற முரட்டு முடி. முதிர்ந்த வெளிமுடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனிப் பக்கம் தடித்திருக்கும், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தெரியும். வேர்ப் பக்கம் மெல்லிசாகி வெளுத்திருக்கும். மெஷின் அந்தத் தடித்த பாதியை வெட்டிவிட்டு, வெளுத்த அடியைத் தோலிலேயே விட்டுவிடுகிறது. ஆயுள் முடிந்த முடி வேரிலேயே தங்கிவிடுவதால் புது முரட்டு முடி எழுவதும் தாமதமாகிறது. அடிமுடியோ தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்கும் பஞ்சும் சாம்பல் நிறமும் இதுதான்.

முரட்டு முடி மணலையும் தண்ணீரையும் உதறிவிடும், அடிமுடி பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஊரின் உப்புக் காற்றில் அது சீக்கிரம் காயாது. ஈரம் தோலோடு கிடந்தால் அரிப்பு, பூஞ்சை, புண் என்று வரிசையாக வரும்.

கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று நம் நாய்கள் எல்லாமே குட்டை முடி. கையால் முடி எடுக்கும் வேலைக்கு இங்கே தேவையே இருந்ததில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் மெஷினை நிறுத்தி முடியை வளரவிடுங்கள். முதுகு முடி ஒன்றரை, இரண்டு அங்குலம் வந்து, வகிடு பிரிந்து கலைந்து நிற்கும்போது சோதித்துப் பாருங்கள். நாலைந்து முடியின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். சிரமமில்லாமல் கையோடு வந்தால் முதிர்ந்துவிட்டது. மணி திரும்பிப் பார்த்தாலோ தோல் கூடாரமாக எழும்பினாலோ இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

எடுக்கும்போது மறு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வது அவசியம். மணிக்கட்டை மடக்காமல் முழங்கையிலிருந்து இழுங்கள். மடக்கினால் முடி பாதியில் அறும். விரல் வழுக்கினால், வங்கியில் பணம் எண்ணும்போது மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை போதும். குளிப்பாட்டிய உடனே உட்காராதீர்கள், முடி வழுக்கும். ஒரேயடியாக முடிக்கவும் வேண்டாம். தினம் பதினைந்து, இருபது நிமிடம், இன்று கழுத்து, நாளை முதுகு, அப்புறம் விலா என்று போகலாம். தோல் சிவந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முழுதாக எடுத்தால் திரும்ப வளர இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை தோலுக்கு வெயில் நேரடியாகப் படும். ஆகவே மாசியில் எடுத்தால் அக்னி நட்சத்திரத்துக்குள் ஓரளவு மூடிவிடும். அல்லது ஆடிக் காற்றில் மணல் அடிப்பது ஓய்ந்ததும், ஆவணி தொடக்கத்தில் எடுங்கள். ஐப்பசி மழைக்குப் புது முடி வந்திருக்கும். ஒரு சுற்று முடிந்த பிறகு, வாரம் ஒரு முறை நீண்டு நிற்கும் முடியை மட்டும் எடுத்து வந்தால் மொட்டையாக நிற்கும் காலமே வராது. நான் எல்லோருக்கும் சொல்வது இந்த வாராந்தர முறையைத்தான். கையால் தடவிப் பார்ப்பதால் உண்ணியும் அப்போதே அகப்பட்டுவிடும்.

முடி எடுத்த பிறகு நாலைந்து நாள் கடலில் இறக்க வேண்டாம், ஷாம்பூவும் வேண்டாம். மற்ற நாட்களில் கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, அடிமுடி வரை துவட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்காவது கூட்டுக் குடிநீரில் ஒரு குடம் ஒதுக்குங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மணல் ஒட்டுவதற்கு அதுவே போதும்.

தாடியையும் கால் முடியையும் இப்படி எடுக்கத் தேவையில்லை, தினமும் சீவினால் போதும். உங்கள் பக்கம் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் அதிகம், விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

முதுகெலும்பை ஒட்டிக் கரும்புள்ளிகளோ சிறு பருக்களோ தட்டுப்பட்டால் அங்கே கை வைக்காதீர்கள். ஷ்னாஸருக்கே உரிய தோல் கோளாறு ஒன்று அப்படி வரும், கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். மணிக்குக் கருத்தடை ஆகியிருந்தால் முடி இயல்பாகவே மென்மையாகிவிடலாம், பழைய முரட்டுத்தனம் முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆகாவிட்டாலும் முதல் சுற்றிலேயே பலன் தெரியாது. இரண்டு, மூன்று சுற்றில்தான் நிறம் ஏறும்.

கடைக்குப் போவதையே நிறுத்தச் சொல்லவில்லை. தொண்டை, காது, வயிற்றடி, ஆசனவாய்ப் பக்கம் எல்லாம் தோல் மெல்லிசு, அங்கே மெஷின்தான் நல்லது. "முதுகிலும் விலாவிலும் மெஷின் படக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லி, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.