ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறிய பிறகும் அமெரிக்கா அதைத் தனியாக நடத்தியது ஏன்?

காரணம், கைமாற்றத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1992-இல், அமெரிக்கா இயற்றிய ஹாங்காங் கொள்கைச் சட்டம். பாதுகாப்பும் வெளியுறவும் தவிர்த்த துறைகளில் ஹாங்காங்குக்கு 50 ஆண்டுகள் தன்னாட்சி இருக்கும் என்று 1984-இல் பிரிட்டனும் சீனாவும் உடன்பட்டிருந்தன. அந்த வாக்குறுதியை நம்பியே சட்டம் எழுதப்பட்டது. எனவே 1997 ஜூலை 1-க்குப் பிறகும் சுங்கம், ஏற்றுமதிக் கட்டுப்பாடு போன்றவற்றில் ஹாங்காங் தனிப் பகுதியாகவே நீடித்தது. 2018-இல் சீனப் பொருட்கள்மீது டிரம்ப் விதித்த கூடுதல் வரி, ஹாங்காங்கிலேயே தயாரானவற்றைத் தொடவில்லை.

ஆனால் சட்டத்துக்குள் ஒரு கத்தியும் இருந்தது. போதிய தன்னாட்சி இல்லையென்று கருதினால், அதிபர் ஒரே ஆணையில் சலுகைகளை நிறுத்தலாம். 2019-இல் வந்த இன்னொரு சட்டம், தன்னாட்சி நிலைக்கு வெளியுறவு அமைச்சர் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும் என்றது. பிரிவினை, அரசுக் கவிழ்ப்பு போன்றவற்றைக் குற்றமாக்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை ஹாங்காங்மீது பெய்ஜிங் திணித்தபின், 2020 ஜூலை 14-இல் டிரம்ப் அந்த ஆணையைப் பிறப்பித்தார்.

இதில் அடி விழுந்தது யார்மீது? பெரும்பாலும் ஹாங்காங்மீதே. அங்கே தயாராகி அமெரிக்காவுக்குப் போகும் பொருளிலும் ‘சீனாவில் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சிட வேண்டியதாயிற்று. இது வர்த்தக விதி மீறல் என்று 2022 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமைப்போ, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்காவே தடுத்ததால், ஏற்கெனவே முடங்கிக் கிடந்தது.