கீழாநெல்லி ஒன்றா, மூன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மழைக்குப் பிறகு எங்கள் கொல்லை முழுக்கக் கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை எல்லாம் ஒன்றுதான் என்கிறார். ஆனால் கிணற்றடிச் செடிக்குப் பச்சைத் தண்டும் வழவழப்பான காயும் இருக்கின்றன. பூந்தொட்டியில் முளைத்ததற்குத் தண்டு சிவப்பு, காய் சொரசொரப்பு. வேலியோரத்துச் செடியின் இலை நுனியில் அகன்று அடியில் குறுகியிருக்கிறது. கைபேசிச் செயலி ஒரே செடிக்கு இன்று ஒரு பெயரும் நாளை ஒரு பெயரும் சொல்கிறது. உங்கள் பழைய கட்டுரையில் இருந்த ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்ற பெயரை மட்டும் அது ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இவை ஒரே செடியின் வேறுபாடுகளா, வெவ்வேறு செடிகளா? நான்கு படங்கள் இணைத்துள்ளேன்.

– மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

செயலி சரி, நான்தான் தவறு. நிரூரி என்பது 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். அதற்குரிய செடி அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல் நம் ஊர்ச் செடிகளையும் அப்பெயருக்குள் அடக்கியது. அதைப் பார்த்து எழுதிய மூலிகை நூல்களும், அவற்றைப் பார்த்து எழுதிய நானும் அதையே திருப்பிச் சொன்னோம். இந்திய நூல்கள் நிரூரி என்று குறித்தது உண்மையில் அமாரஸ், டெபிலிஸ், ஃப்ராட்டெர்னஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று தாவரவியலாளர்கள் மித்ராவும் ஜெயினும் 1985இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு வெகுகாலம் கழித்து எழுதிய எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

உங்கள் கேள்விக்கு விடை: உங்கள் கொல்லையின் அந்த மூன்று செடிகளும் வெவ்வேறு இனங்கள். கிணற்றடியில் இருப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ், தொட்டியில் இருப்பது யூரினேரியா, வேலியோரத்தில் இருப்பது மதராஸ்பட்டென்சிஸ், அதாவது நம் மேலாநெல்லி. மதராசின் பெயரையே தாங்கிய செடி அது.

இவற்றுள் மேலாநெல்லியைப் பிரிப்பது எளிது. கீழாநெல்லியில் புளிய இலைபோல் தோன்றும் ஒவ்வொன்றும் உண்மையில் கூட்டிலை, அதாவது பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை, அன்று. அது ஒரு சிறுகிளை. கூட்டிலையின் சிற்றிலைக்கு அடியில் பூ வராது, இங்கோ ஒவ்வோர் இலைக்கோணத்திலும் (இலை கிளையோடு சேரும் மூலையிலும்) வருகிறது என்பதே சான்று. நடுத்தண்டில் முழு இலை கிடையாது, செதில்தான் உண்டு. மேலாநெல்லியில் இந்த ஏற்பாடு இல்லை. இலைகள் நடுத்தண்டிலும் கிளையிலும் சுற்றிச் சுற்றி அமைந்திருப்பதால், காய்கள் ஓர் இலை வரிசைக்கு அடியில் கோத்த மணிபோல் ஒளிந்திருப்பதில்லை.

யூரினேரியாவைக் காயை வைத்தே சொல்லிவிடலாம்: காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கும், மேலே சிறு கொப்புளங்கள் இருக்கும். அமாரஸின் காய் மெல்லிய காம்பில் தொங்கும், தோல் வழவழப்பாக இருக்கும். தண்டின் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் வளர்ந்த அமாரஸும் அடியில் சிவக்கும்.

உண்மையான சிக்கல் அமாரஸுக்கும் டெபிலிஸுக்கும் இடையில்தான். இரண்டின் காயும் வழவழப்பானது, இரண்டும் ஒரே ஈரத்தில் முளைப்பவை, நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. டெபிலிஸின் இலை இரு முனையிலும் சற்றுக் கூர்மையானது என்பார்கள், ஆனால் அதை மட்டும் வைத்து நான் எந்தச் செடிக்கும் பெயர் சொல்லத் துணியமாட்டேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழுச் சிறுகிளை ஒன்றைக் கிள்ளி, மல்லாக்கத் திருப்பி, அடியிலிருந்து நுனிவரை ஒவ்வோர் இலைக்கோணமாகப் பாருங்கள். அமாரஸில் அடியில் உள்ள ஓரிரு கோணங்களைத் தாண்டியதும் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் ஒரே கோணத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்; பச்சை உருண்டையாகப் பருத்த சூலகம் உள்ளது பெண் பூ, பக்கத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறியதாக இருப்பது ஆண் பூ. டெபிலிஸில் இந்தக் குடித்தனம் கிடையாது: கிளையின் அடிப்பகுதி முழுக்க ஆண் பூக்கள், நுனிப்பகுதி முழுக்கத் தனித்தனிப் பெண் பூக்கள். யூரினேரியாவில் இது அப்படியே தலைகீழ். காய்கள் அடியில், ஆண் பூக்கள் நுனியில். இந்த ஒழுங்கைக் கண்ட பின், பூவின் வெளிப்புறத்துப் புல்லி இதழ்களை எண்ணி உறுதிசெய்துகொள்ளலாம்; அமாரஸுக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் ஆறு. முதலிலேயே எண்ணப் போனால் கண் வலிதான் மிஞ்சும்.

காய் முற்றியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. வெள்ளைத் தாளில் உடைத்தால் ஆறு விதைகள் விழும், ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை வடிவில். அமாரஸ் விதையின் முதுகில் நீளவாக்கில் வரிகள் ஓடும், யூரினேரியாவில் குறுக்குவாக்கில். ஈரத் தாளில் விதைகள் ஒட்டிக்கொண்டு வரி தெரியாது, உலர்ந்த தாளாக எடுங்கள்.

அத்தை சொன்னதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ‘கீழ்க்காய் நெல்லி’ என்பது காய் இருக்கும் நிலையைச் சொல்லும் பெயர், அந்த நிலை இவற்றுள் பலவற்றுக்கும் பொது. ஆனால் காமாலைக்கு என்று பறிக்கும்போது எந்த இனம் என்பது பொருட்படுத்த வேண்டியதாகிறது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்தவர்களிடம் நல்ல பலன் கண்டதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியது அமாரஸைப் பற்றி. பிற இடங்களில் பிறகு நடந்த சோதனைகளில் அப்பலன் கிட்டாதபோது, கொடுத்த செடி அதேதானா என்ற கேள்வியும் எழுந்தது. எந்தச் செடியாக இருந்தாலும், காமாலைக்கு முதலில் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் நான்காவது படத்துக்குப் பெயர் சொல்ல என்னால் இயலவில்லை. இலை டெபிலிஸ்போல் கூராகத்தான் தெரிகிறது, ஆனால் மேலிருந்து எடுத்த படம் என்பதால் ஒரு பூவும் கண்ணில் படவில்லை. ஒரு சிறுகிளையைத் திருப்பிப் போட்டு, நுனியும் அடியும் தெரியும்படி இரண்டு படங்கள் எடுத்து அனுப்புங்கள். காலையில் எடுப்பது நல்லது.