குழுக்கடனில் ஒருத்தி ஊரைவிட்டுப் போய்விட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் ஒரு கிராமத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். சீசனில் மலைப்பூண்டும் வாங்கி விற்பேன். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியில் குழுவாக ஆளுக்கு 40,000 ரூபாய் வாங்கினோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை 980 ரூபாய் தவணை. எங்களில் ஒருத்தி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அவள் விட்ட மூன்று தவணையை மற்ற நாலு பேரும் ஆளுக்கு 735 ரூபாய் போட்டுக் கட்டினோம். இன்னும் 27 தவணை, அதாவது 26,460 ரூபாய் பாக்கி. சுற்றுலா வருபவர்களுக்கு இ-பாஸ் வந்த பிறகு கடையில் வியாபாரமும் பாதியாகிவிட்டது, இனி எங்களால் முடியாது. போன மீட்டிங்கில் கலெக்‌ஷன்காரர் எங்கள் சொந்தத் தவணையையும் வாங்க மறுத்து, அவள் பணத்தையும் சேர்த்து வைக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சாயங்காலம்வரை உட்கார வைத்தார். அப்புறம் ராத்திரி ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து, காதில் கிடக்கும் தோட்டை அடகு வைத்தாவது கட்டு, இல்லாவிட்டால் போலீஸ், ஜெயில், சிபில் மதிப்பெண்ணும் போய்விடும் என்றார். கடை அடுப்பையும் பாய்லரையும் தூக்கிவிடுவாராம். நாங்கள் கையெழுத்துப் போட்ட பேப்பர் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஐந்து பேரும் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. இந்த மாதிரிக் குழுக்கடனில் கடன் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்கும். ஒருவருக்கு மற்றவர்கள் ஜாமீன் நிற்பதாக ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை மீறியிருக்கிறார்கள் என்று நீங்கள் புகார் செய்யலாம். ஆனால் இங்கிலீஷில் இருந்தது என்பதற்காகவே கடன் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லிவிடாது. அந்த நம்பிக்கையில் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.

அதனால் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஜாமீன் வரி இருக்கிறதா, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் 26,460 ரூபாயைப் பற்றிப் பேசவே முடியும். அப்படி வரி இருந்தாலும், இன்றைக்குக் கேட்கக் கூடியது தவறிப்போன தவணைகளைத்தான். முழுக் கடனையும் திரும்பக் கேட்கிறோம் என்று கம்பெனி எழுத்தில் தந்திருக்கிறதா? தரவில்லை என்றால் மொத்தத் தொகையைச் சொல்லி மிரட்டுவது வெறும் வாய்ப்பேச்சு.

பொறுப்பு இருப்பது ஒன்று, அதை வசூலிக்கும் விதம் இன்னொன்று. ஜாமீன்தாரர் தரவில்லை என்றால் கம்பெனிக்குத் திறந்திருக்கும் வழி நீதிமன்றம்தான். உங்களைச் சாயங்காலம்வரை உட்கார வைக்கும் அதிகாரம் அந்தக் கலெக்‌ஷன்காரருக்கு யாரும் கொடுக்கவில்லை. போக விடாமல் ஒருவரை அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி குற்றம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கோபப்படுத்தியது அந்த வரிதான். கடையைப் பூட்டிவிட்டு, அடுப்பில் உலை வைக்காமல், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்திலும் நாலு பெண்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்து போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த முறை எழுந்து போங்கள். தடுத்தால் 100-க்குப் போன் செய்யுங்கள்.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கென்று தனி நெறிமுறை வெளியிட்டது. அதன் விதிகள் அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் மைக்ரோ பைனான்ஸ் கடன் என்று அது சொல்கிறது. அடமானமே இல்லாத கடனுக்கு உங்கள் அடுப்பையும் பாய்லரையும் எந்தக் கணக்கில் தூக்குவார்? வசூல், இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் இருந்தால்தான் வீட்டுக்கோ கடைக்கோ வரலாம். நீங்கள் ஒரு மீட்டிங்கையும் விடவில்லை என்றால் அவர் உங்கள் வீட்டு வாசலில் நின்றதே விதிமீறல். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது. ஏசக்கூடாது, உறவுக்காரர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, கட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்தவும் கூடாது. இதற்கு மேல், வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஜெயில் என்ற மிரட்டலுக்கு வருவோம். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, போலீசுக்கு அதில் வேலையில்லை. நாளைக்கே கம்பெனி வழக்குப் போட்டு ஜெயித்தாலும், பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைச் சிறையில் வைக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு, சமையல் பாத்திரம், உடுப்பு, படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றை நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாது என்கிறது. தாலியைத் தொட நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. தோட்டைப் பொறுத்தவரை, அதை அடகு வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். வைக்காதீர்கள் என்பேன். இன்னொரு கம்பெனியில் புதுக்கடன் வாங்கி இதை அடைக்கவும் வேண்டாம். ஒரு தவணை இரண்டாகிவிடும்.

அடுத்து உங்கள் சொந்தத் தவணை. அதை ஒருபோதும் விடாதீர்கள். எல்லார் காசும் சேர்ந்தால்தான் வாங்குவேன் என்று அவர் சொன்னால், கம்பெனியின் கிளைக்கோ செயலிக்கோ உங்கள் கடன் கணக்கு எண்ணைப் போட்டு யுபிஐ மூலம் அனுப்புங்கள். அதற்கும் வழியில்லை என்றால், "இந்தத் தேதியில் 980 ரூபாயுடன் வந்தேன், வாங்க மறுத்தார்" என்று நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கிளைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். உரிய நேரத்தில் உரிய பணத்தை நீட்டியும் வாங்க மறுத்தால், கட்டவில்லை என்ற பழி உங்கள்மேல் வராது என்பதற்கு ஒப்பந்தச் சட்டம் 38-ஆம் பிரிவு துணை நிற்கும்.

இங்கே ஒன்றை நீங்கள் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணையையும் கடன் அட்டையில் வரவு வைத்துத் தர வேண்டும் என்பது விதி. நாலு பேர் பணத்தையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு, போனவள் அட்டையில் முதலில் வரவு வைத்துவிட்டு, குறைகிற பணத்தை உங்களில் ஒருவர் கணக்கில் பாக்கி காட்டுவது நடக்கிறது. அப்போது ஒழுங்காகக் கட்டியவர் பெயர்தான் சிபிலில் கெடும். உங்கள் அட்டையைத் தேதி தேதியாகப் பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடம் வருடத்துக்கு ஒரு அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தப்பு இருந்து புகார் செய்தும் 30 நாளில் திருத்தவில்லை என்றால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

திருப்பூருக்குப் போனவளை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜாமீன்தாரர் கட்டிய பணத்தைக் கடன்காரரிடம் திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டம் 145-ஆம் பிரிவு உரிமை தருகிறது. நீங்கள் போட்ட 735 ரூபாயும் அதில் சேரும், எனவே யார் எந்தத் தேதியில் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். 26,460-ம் உங்கள் தலையில் விழுந்தால் அதை நால்வரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 6,615 ரூபாய். ஒருவரே முழுதும் கட்ட நேர்ந்தாலும் மற்ற மூவரிடமும் அவரவர் பங்கைக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் அவளுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தால் அங்கிருந்தே தவணையை அனுப்ப முடியும். சிரமத்தில் இருக்கும் கடன்தாரர்களைக் கண்டறிந்து வழிகாட்ட ஏற்பாடு வைத்திருக்க வேண்டியது கம்பெனியின் கடமை. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேட்டு அவளையே எழுதச் சொல்லுங்கள்.

புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள். குறைதீர்க்கும் அதிகாரியின் விவரம் கடன் அட்டையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. ஆனால் அடைத்து வைத்ததற்கும் மிரட்டியதற்கும் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் ஸ்டேஷனில் நேரடியாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம். பஸ் ஏறி வர முடிந்தால் கொடைக்கானல் நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவைக் கேளுங்கள். அங்கே மனுக் கொடுத்தால் கம்பெனியையும் திருப்பூரில் இருப்பவரையும் கூப்பிட்டு, வழக்குப் போடாமலே பேசி முடிக்க வழி இருக்கிறது. நால்வரும் சேர்ந்தே போங்கள். கடன் அட்டைகள், அந்த நோட்டு, அவர் மிரட்டியது யாருடைய போனிலாவது பதிவாகியிருந்தால் அந்தப் போன், எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.